டோக்கன் அறுபத்தொன்று

பர்கூர்த் தோப்பில் ஏற்றிய பெங்களூரா,
கேபின் உயரத்துக்குக் குவித்தது.
தார்ப்பாய் கட்டவில்லை. நேரமில்லை.
முன்னால் போன திம்மராஜின் டெம்போவை
ஆலை வாசலுக்குள் முந்த வேண்டும்,
அவ்வளவுதான் மண்டையில்.

காவேரிப்பட்டணம் கடைவீதி, சாயங்காலம்.
பால்கேனோடு ஒருவர்,
டியூஷன் விட்ட பிள்ளைகள்,
பாதி ரோட்டில் வண்டியை நிறுத்தி
சில்லறை எண்ணும் வேர்க்கடலைக்காரர்.
எல்லாரையும் ஹாரனாலேயே ஒதுக்கிக்கொண்டு வந்தேன்.
ஹாரன் அடித்தால்
பிரேக் போட்டதாகவே ஒரு நினைப்பு.

அப்போது நீண்டது அந்தக் கை.
வண்டிக்கு முன்னால் நம் ஊரில் நீட்டுவோமே,
உள்ளங்கை விரித்து,
கெஞ்சலும் இல்லாமல் கட்டளையும் இல்லாமல்,
'இரு, நான் இருக்கேன்' என்கிற மாதிரி.

மிதித்தேன்.
வண்டி நின்றது. பழங்கள் நிற்கவில்லை.
கேபினைத் தாண்டி முன்னால் கொட்டின ஏழெட்டு.
ஒன்று சக்கரத்துக்கடியில்.

அவள் நகரவில்லை.
மாம்பால் பட்டுக் கருத்த விரல்கள்.
பம்பருக்கும் புடவைக்கும் நடுவே
ஒரு முழம் இருந்தால் அதிகம்.

திட்டுவாள் என்று கண்ணாடியை ஏற்றப் போனேன்.
"எந்த ஆலைக்கு?" என்றாள்.
சொன்னேன்.
"அங்கதான் பழம் அறுக்கறேன்.
கேட்டுல அறுபது வண்டி நிக்குது.
ராத்திரி பூரா நிக்கத்தானே போற,
இங்க அரை நிமிசம் நின்னா என்ன?"
உருண்டதில் இரண்டைக் கூடையில் போட்டுக்கொண்டு
ரோட்டைத் தாண்டிப் போனாள்.

டோக்கன் அறுபத்தொன்று கிடைத்தது.
திம்மராஜுக்கு அறுபது.
நான் ஜெயித்திருந்தால்
அவனுக்கு அறுபத்தொன்று.

இன்ஜினை அணைத்துவிட்டு
ஸ்டியரிங்மேல் கால் போட்டுப் படுத்தேன்.
கொசு. பழம் புளிக்கிற வாசனை.
பத்து மணிக்கு ஷிப்ட் விட்டது.
நடக்க இடமில்லாத ரோட்டோரம்
செல்போன் வெளிச்சத்தை முதுகுப்பக்கம் பிடித்தபடி
பெண்கள் வரிசையாகப் போனார்கள்,
பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டுமே என்று.

பின்னால் வருகிறவன்.
பதினோரு வருஷமாக அதுதான் என் பெயர்போல.
அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

காலி வண்டியோடு திரும்பும்போது
கிழக்கு வெளுத்திருந்தது.
கடைவீதியில் ஷட்டர்கள் இறங்கியே கிடந்தன.
தார்மேல் காய்ந்த மஞ்சள் திட்டு,
நடுவில் நசுங்காத கொட்டை.
ஆளில்லாத ரோடுதான்.
இருந்தும் கை தானாக
இரண்டாம் கியருக்குப் போனது.

எதிரே அதே பால்கேன்காரர்.
சைக்கிளை உருட்டுவதை நிறுத்தி,
என் சக்கரங்களை ஒருமுறை குனிந்து பார்த்து,
இரக்கத்தோடு கேட்டார்:
"என்னப்பா, வண்டியில ஏதாச்சும் ரிப்பேரா?"