மீட்புக் காரணி

சின்னத்துறையில் மின்சாரம் போய்ப்போய் வருகிறது.
மடிக்கணினித் திரையில் கடலுக்கு அடியில் கிடப்பது:
ஒலியால் அடித்து, எதிரொலியைக் கேட்டு வரைந்த படம்.
வரிவரியாக, மழையில் ஊறிய கம்பளி போல.
நடுவில் ஒரு மேடு.
கரையிலிருந்து எத்தனை மைல் என்று சொல்ல
எனக்கு அனுமதியில்லை.

மதினி கட்டன் சாயாவை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.
"இதென்ன, ஸ்கேனா?"
ஸ்கேன் மாதிரிதான்.
"பிள்ளை இருக்கா?"
தெரியாது மதினி. அதைத்தான் கணக்குப் போடுகிறேன்.

கணக்கில் பெருக்கல்தான் அதிகம்.
மேட்டின் பரப்பை அதன் தடிமனால்,
அதைப் பாறையிலுள்ள துளைகளின் பங்கால்,
அதைத் துளைக்குள் தண்ணீர் அல்லாததன் பங்கால்.
ஆப்பச்சட்டியைத் திறக்காமல்
மூடியைத் தட்டிக் கேட்டே
உள்ளே எத்தனை கண் விழுந்திருக்கிறதென்று சொல்வது.
சொல்லி, அதற்குச் சம்பளமும் வாங்குவது.

ஓர் எண்ணைச் சொன்னால் கம்பெனி ஏற்பதில்லை.
மூன்று வேண்டும்.
நூற்றுக்குத் தொண்ணூறு நிச்சயமானது, சின்னது.
ஐம்பதுக்கு ஐம்பது, நடுவில்.
பத்தே பத்து சதவீதம் நம்பலாம் என்பது, மிகப் பெரியது;
பேட்டிகளில் அதைத்தான் சொல்வார்கள்.
தமிழில் இதற்குச் சதவீதமே தேவையில்லை:
உண்டு.
இருக்கும்.
இருக்கலாம்.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஏலம் விடும் ஸ்டெல்லஸ்
சூரைக் குவியலைக் காலால் ஒதுக்கி
"நானூறு கிலோ" என்பார். பத்து கிலோகூடத் தப்பாது.
அவருக்குத் தராசு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது;
தப்பினால் அன்றைக்கே ஏச்சு விழும்.
என் தப்பு தெரியவரப்
பத்து வருடமும் சில நூறு கோடியும் ஆகும்.
அதற்குள் நான் வேறு கம்பெனியில் இருப்பேன்.

ஒரு கட்டம் மட்டும் மீதி.
அடியில் கிடப்பதில் எவ்வளவு மேலே வரும்?
மீட்புக் காரணி.
வழக்கமாகப் பூச்சியம் புள்ளி மூன்று போடுவேன்,
யோசிக்காமல், கையெழுத்துப் போடுவது போல.

மீட்பு.
அந்த நவம்பரில் தொலைக்காட்சியின் அடியில்
ஓடிக்கொண்டே இருந்த சொல்.
பங்குத்தந்தையின் பட்டியலில் ஓர் எண்,
ஆட்சியர் அலுவலகத்தில் வேறொன்று,
கப்பல்காரர்கள் சொன்னது மற்றொன்று.
கிளீட்டஸ் அண்ணன் மூன்றாம் பட்டியலில்
ஒன்பது நாள் இருந்தான்.
ஞாயிறு பூசையிலும் அதே சொல் வந்தது.
மதினி மட்டும் முழங்காலிடவில்லை.

துளையிட்டுப் பார்க்காத எதையும்
'இருப்பு' என்று எழுதக்கூடாது, எங்கள் விதி.
'வளம்' என்று எழுதலாம், அதுவும் தயங்கி.
அரசாங்க விதி மறுபக்கமிருந்து வரும்:
ஏழு வருடம் காணாதவனை இல்லையென்று எழுதலாம்.
மதினிக்காக அதைத் தளர்த்தி முன்பே கொடுத்தார்கள்.
இறந்ததாகக் கருதப்படுகிறார்.
கருதப்படுகிறது.
என் அறிக்கையிலும் பக்கத்துக்குப் பக்கம் அதுவே வினைமுற்று.

இந்த மேட்டுக்கு நேர் மேலே ஒரு பார் கிடக்கிறது.
களவா அள்ளித் தந்த பார்.
அண்ணனின் ஜிபிஎஸ் கருவியில்
அதற்கு மதினியின் பெயர்.
என் கோப்பில் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும்.
படத்தைப் பெரிதாக்கி அவளிடம் காட்டியிருக்கலாம்.
சுருக்கிவிட்டேன்.

மாலை ஆறுக்குள் அனுப்ப வேண்டும்.
முன்னறையில் தையல் மெஷின் ஓடுகிறது,
மின்சாரம் போனாலும் ஓடும், மிதிக்கிற மெஷின்.
நாளைக்குக் கடற்கரையில் கறுப்புக் கொடி.
கட்டத்தில் கர்சர் துடிக்கிறது.
அங்கிருந்தே கேட்டேன்:
எத்தனை தைத்தீங்க மதினி?

"எண்ணல.
துணி தீருத வரைக்கும்."