பற்று வரவு

கல்யாண வீடுகளில்
"மாப்பிள்ளை, தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்றே
பன்னிரண்டு வருஷம் பிழைத்த வாய் இது.
இன்றைக்கு அதை மூடிக்கொண்டு வா என்றாள் சீனிக்கனி.
"லோனுக்குப் பேங்க்காரன் பாக்கணும்.
ஜோடிச்ச படம்னா அவனுக்குத் தெரிஞ்சுபோகும்.
நாங்க வேலை பாக்குறோம்,
நீ ஓரமா நின்னு எடு."

மண்டபம் வடக்குத் துறை.
விடிய இன்னும் ஒரு மணி நேரம்,
விசைப்படகுகளுக்கு டோக்கன் கொடுத்த நாள்.
ஐஸ் கம்பெனிக்குள் அமோனியா
முதலில் கண்ணில் ஏறியது, பிறகுதான் மூக்கில்.

உப்புத் தண்ணீர்த் தொட்டியின் பலகையை விலக்கி
நம்புச்செல்வம் சங்கிலியை இழுக்கிறான்.
தகரக் கேன் மேலே வருகிறது,
சாதாத் தண்ணீரில் ஒரு முக்கு, ஒரு கவிழ்ப்பு,
ஐம்பது கிலோ வெளிச்சம்
ஈரத் தரையில் வழுக்கி நேராக என் காலுக்கு வருகிறது.
துள்ளி விலகினேன்.
ஆடிப்போன அந்தப் படத்தையும் வைத்திருக்கிறேன்.

குளிரறையை விட்டு வெளியே வந்தால்
லென்ஸ் வியர்த்துவிடும்.
சட்டை நுனியால் துடைத்து நிமிர்வதற்குள்
அரவை மெஷினுக்குப் பாரைத் தள்ளிக்கொண்டே
அருளானந்து விட்ட கொட்டாவி போய்விட்டது.
இன்னொரு தடவை விடுங்கள் என்று
கேட்க முடியுமா?
கேட்கப் போனேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள்.
கையில் மடித்த மஞ்சள் பை.
அவள் வீட்டுப் படகு மாசி மாதத்திலிருந்து
அக்கரையில் கட்டிக் கிடக்கிறது,
ஆளும் அங்கேதான்.
பையிலிருந்து எதையோ எடுக்கப் போனாள்.
சீனிக்கனி நிமிரவில்லை.
நீள நோட்டைப் புரட்டினாள்,
பற்றுப் பத்தியில் ஒரு நம்பரைத் தேடினாள்,
பேனா எழுதவில்லை, உதறினாள்,
குறுக்கே ஒரு கோடு.
"டீ குடிச்சியா?"

அமுக்கினேன்.
ஒரே ஒரு தடவை.
டியூப் லைட் கண்சிமிட்டாத நொடி அது:
கோட்டின் மை காயவில்லை,
பைக்குள் போன கை வெளியே வரவில்லை,
பின்னால் லாரி ஒன்று ஐஸ் புகையில் பாதி.

எல்லாம் முடிந்து
கேமரா முதுகில் படங்களைத் தள்ளிக் காட்டினேன்.
அதில் நின்றாள்.
"இது வேணாம்."
இதுதான் அக்கா படம், என்றேன்.
"அதான் வேணாங்குறேன். நம்பர் தெரியுது, கோடு தெரியுது.
விடிஞ்சா நாப்பது பேரு வந்து நிப்பான்
எனக்கும் ஒண்ணு போடுன்னு.
நான் ஐஸ் விக்கவா, கோடு விக்கவா?"

நம்பரை மட்டும் மறைத்துத் தருகிறேன் என்றேன்.
"ஜோடிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

அவள் பார்க்க அழித்தேன்.
"நிஜமாவே அழிக்கவா" என்று கேமரா திரும்பக் கேட்டது,
அதற்கும் அவளே விரலை வைத்தாள்.
பிறகு முக்காட்டைச் சரிசெய்து
கம்பெனிப் பலகைக்குக் கீழே போய் விறைப்பாக நின்று
"இப்ப ஒண்ணு நேரா எடு" என்றாள்.
தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, என்றேன்.

கூலிக்கு மேலே ஒரு பெட்டி நகரை மீன் கொடுத்தாள்,
இரண்டு கை அள்ளி ஐஸ் போட்டு.
உச்சிப்புளி தாண்டும்போது
பஸ் தரையில் அது கோடாக ஒழுகத் தொடங்கியது.
கண்டக்டர் திட்டினார்.

சீனிக்கனி என்பது அவள் பெயரில்லை.
துறையும் வடக்கா தெற்கா,
மறந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.