பதினேழாவது தடம்

கயானி ஊர்த் தேவாலயத்துக்கு
பதினாறு ஆம்பியர்தான் என்று
முதலிலேயே சொல்லிவிட்டார் கோயில்பிள்ளை.
நான்கு இசைக்குழு, ஒன்பது ஆட்கள், ஏழு பெருக்கிகள்.
யாராவது காபிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தால்
பாலன் பிறப்பு இருட்டில்தான்.
கெண்டியைப் பிடுங்கி என் காலடியில் வைத்துக்கொண்டேன்.
நான் ஒலிமேசைக்காரி.

மண்டையோடு போட்ட பனியனுக்கு மேல்
கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருந்தார்கள்.
சிர்க்கு மட்டும் பூட்டவில்லை.
இஞ்சி பிஸ்கட் தின்றபடி
பேஸ் கிதாருக்குச் சுருதி கூட்டினாள்,
தந்தியெல்லாம் சர்க்கரை.

மூன்றாவது பாட்டு.
முதல் மூன்று சரணத்துக்கும் தாளம் வேண்டாமென்று ஏற்பாடு.
முப்பது வருஷமாய்ச் சும்மா இருந்தறியாத இல்போ
குச்சிகளைத் தொடைமேல் கிடத்திவிட்டுச்
சும்மா இருந்தான்.
எதிரே, எட்டடி தூரத்தில், ரௌனோவின் முதுகு.
அந்த முதுகின் முகத்தோடு அவன் பேசிப் பதினோரு வருஷம்.
டம்பெரேயிலிருந்து திரும்பிய ஒரு ராத்திரி
வேனுக்கு டீசல் போட்ட காசு.
அவ்வளவுதானா என்று கேட்காதீர்கள்,
கேட்டவர்களெல்லாம்
ஏதாவது ஒரு பக்கம் சாய வேண்டி வந்தது.

ஹெட்போனில் பதினேழாவது தடத்தைத் திறந்தேன்.
இல்போவின் தலைக்கு மேல் தொங்கும் மைக்.
முதலில் மூச்சு.
பிறகு முழங்கால் சொடுக்கு.
பிறகு
யாரோ பாடுகிறார்கள்,
சுருதி கொஞ்சம் இறங்கி, தாடிக்குள்ளேயே.
ரௌனோ எடுக்கிற ஒவ்வொரு வரியையும்
அரை மூச்சு முந்தி,
நடை பழகும் பிள்ளைக்கு முன்னால்
பின்பக்கமாய் நடக்கிறவர்களைப் போல.

மூன்றாம் சரணத்தில் ரௌனோ நின்றான்.
கிதார்கள் ஒரு சுற்று வந்தன.
இன்னொரு சுற்று.
நானூறு பேரும் அதை அழகென்றே நினைத்திருப்பார்கள்.
கல்லறைகளைப் பற்றி ஒன்பது ஆல்பம்
ஏடு பார்க்காமல் பாடுகிறவனுக்கு
வைக்கோலைப் பற்றி ஒரு வரி
வரவில்லை.

பதினேழை அவன் காலடி ஸ்பீக்கருக்கு மட்டும் திருப்பி
ஒரு விரற்கடை ஏற்றினேன்.
யாரையும் கேட்கவில்லை.

தலை லேசாய்ச் சாய்ந்தது,
பக்கத்து அறையில் தன் பெயர் அடிபடக் கேட்டவன் மாதிரி.
திரும்பவில்லை.
வைக்கோல் வந்தது.
அதைப் பிடித்துக்கொண்டு மாடு, நட்சத்திரம்,
மிச்சமெல்லாம் வந்தன.
நான்காம் சரணத்துக்கு இல்போ ஓங்கியபோது
கோயில்பிள்ளை ஓடிப்போய்
பீடத்து மெழுகுவர்த்திகளை
இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

சாமான் ஏற்றும்போது வெளியே
சுழியத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
பெரிய டிரம் பெட்டியின் ஒரு பிடியை இல்போ தூக்க
மறு பிடியில் ஒரு கை வந்து சேர்ந்தது.
ஐந்து படி.
கடைசிப் படியில் நின்று ரௌனோ
பனியைப் பார்த்துக் கேட்டான்:
“அன்னிக்கு டீசல் எவ்வளவு ஆச்சு?”

“ஞாபகமில்லை.”

பொய்.
அறுபத்து மூன்று யூரோ நாற்பது சென்ட்.
ரசீதை எனக்கே இரண்டு முறை காட்டியிருக்கிறான்.