தொண்ணூற்றாறு சட்டகங்கள்

கேனிங் ரைஸ் மேட்டில், குளிர் குறையாத அறை.
ஆளுக்கொரு ஸ்வெட்டரும் ஆறிப்போன கோப்பியுமாக
நூர் ஹஸ்லிண்டாவும் நானும்.
திரையில் தஞ்சோங் பகார், 1967.

லியூ செங் ஹாவ் இந்த ஊருக்கு வந்து எடுத்த ஒரே படம்.
காதலி கப்பலேறிவிட்டாள்.
கதாநாயகன் அஞ்சடியில் சிகரெட் பற்றவைத்துவிட்டு
நகர்ந்துபோகிறான்.
நாற்பத்தோராம் நிமிடம்.
கேமரா அவனோடு போகாமல்
அங்கேயே நிற்கிறது.
தெரு.

இந்தத் தெருவைப் பற்றி மூன்று புத்தகங்கள் உண்டு.
பாரிஸ்காரர் வெறுமையின் இலக்கணம் என்றார்.
தைப்பே பேராசிரியர்
மை தொடாமல் விட்ட தாளின் வெண்மை என்றார்.
மூன்றாமவர் இருவரையும் மறுத்து
வெறுமையல்ல, காத்திருப்பு என்றார்.
நான் மூவரையும் மறுத்தேன்,
பக்கம் அறுபத்து மூன்று முதல் எழுபத்தைந்து வரை.
‘ஆளற்ற தெரு’ என்று தொடங்கும் அந்த அத்தியாயத்தைத்
தேர்வாளர்கள் தனியாகப் பாராட்டினார்கள்.

ஹஸ்லிண்டா இதில் ஒன்றையும் படித்ததில்லை.
அவள் வேலை அழுக்கெடுப்பது:
பூஞ்சை, தூசி, ஒட்டுப்போட்ட தழும்பு.
வலது ஓரத்துச் சுவரின் நிழலில்
பேனாமுனையை வைத்துக் கேட்டாள்,
“இது கீறலா, ஆளா?”

பெரிதாக்கினாள்.

தோளில் சாக்குச் சுற்றிய ஐஸ் கட்டி.
முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய துணி.
அவன் போன வழியெல்லாம் சொட்டுச் சொட்டாய்
கறுத்துக்கொண்டே வரும் தரை.
நான்கு விநாடி.
பதினோரு முறை பார்த்திருக்கிறேன் இந்தப் படத்தை.

நம்ம ஆள், என்று வாய்வரை வந்துவிட்டது.
வேட்டியா, கைலியா, வெறும் சாக்குத்துணியா,
தெரியவில்லை.
கறுப்பு வெள்ளையில் தோல் என்பது
சாம்பலில் ஓர் அளவு, அவ்வளவுதான்.
நேற்றுவரை அவன் இல்லை என்றேன்.
இன்று என்னுடையவன் என்கிறேன்.
இரண்டும் அதே அவசரம்.

முகத்தில் மட்டும் நிஜமான கீறல்,
நெற்றியிலிருந்து தாடைவரை ஒரு வெள்ளைக் கோடு.
“எடுத்துடலாம்,” என்றாள்.
“பக்கத்துச் சட்டகத்தைப் பார்த்து
மென்பொருளே ஒரு முகத்தை ஊகிச்சுக்கும்.”
பக்கத்துச் சட்டகத்திலும் கீறல்.
அதற்கடுத்ததிலும்.
எண்ணினோம், தொண்ணூற்றாறிலும்.
அப்போது யாரைப் பார்த்து ஊகிக்கும்?
தோளைக் குலுக்கினாள்.
“கதாநாயகனை?”

விட்டுவிடு என்றேன்.
விட்டுவிடுவதற்கும் ஒரு படிவம் இருக்கிறது,
அதில் காரணம் எழுத ஒரே ஒரு வரி.
தட்டச்சுப் பலகையை என் பக்கம் தள்ளிவிட்டு
கோப்பி வாங்கப் போனாள்.

பதின்மூன்று பக்கம் எழுதிய கை
விசைகளின் மேல்.
நிறுத்திவைத்த படத்தில்
அவன் வலது கால் இன்னும் தரையைத் தொடவில்லை.
ஐஸ் உருகவில்லை.
பாரம் மட்டும்
இறங்கவேயில்லை.