மூன்றாம் மாதிரி

ஆறே முக்கால் ஃபெரி.
மோட்டார்களுக்கு வரிசை என்று ஒன்றும் இல்லை,
கைப்பிடி இடுக்கில் கைப்பிடி,
யாரோ ஒருவர் ஹெல்மெட்டுக்குள் நாசி லெமாக் பொட்டலம்.
ஒருவன் அரையடி நகர
பத்துப் பேர் உடம்பை ஒதுக்குகிறார்கள்.
மறுபடி இறுக்கம். பட்டர்வொர்த் வரை இப்படித்தான்.

எட்டரைக்கு நிபோங் திபாலில்
சிர்கோனியம், செம்பு, கொஞ்சம் அலுமினியம்:
அடுக்கிக்கொள்ள நேரம் தராமல்
உறையவைத்த அணுக்கள்.
படிகம் இல்லை. அதனால்
வழுக்கலை மறித்து நிற்க ஓர் எல்லையும் இல்லை.

அழுத்தினோம்.
முதல் இரண்டிலும் கோடு ரம்பப் பல்லாய் இறங்கி ஏறியது.
உள்ளே எங்கோ
அரையடி, அரையடி.

மூன்றாவதை மட்டும்
நேற்றிரவு முழுக்க உலையின் இளஞ்சூட்டில்
ஓய்வெடுக்க விட்டிருந்தான் தியோ பூன் கியாட்.
பல்லே இல்லை. நேராக ஏறியது கோடு.
"நல்ல பிள்ளை" என்றான்.

டப்.

காப்புக் கண்ணாடியில் ஒரு பொறி.
துணுக்குகளைச் சாமணத்தால் பொறுக்கினேன்.
ஓய்வில் இடுக்குகளெல்லாம் தூர்ந்துவிட்டன என்று
அறிக்கையில் எழுத வேண்டும்,
மலாயில் அதற்குச் சொல் கிடைக்கவில்லை.

திரும்பும் ஃபெரியில் மழை.
எல்லாரும் கூரைக்கடியில்.
"கொஞ்சம் தள்ளிக்கோங்கக்கா" என்றான் ஒரு பையன்,
சொட்டச் சொட்ட.

இருந்தது, அரையடி.