மூன்றாவது ஊசி

திருவான்மியூரோடு
பறக்கும் ரயில் பாதி காலி.
நான் தரமணி.

கொசு அறையில் சகாயராணி
நுண்ணோக்கிக்குக் கீழே ஒரு தலையை
ஊசிமுனையால் மெல்ல இழுக்கிறாள்.
கூடவே வருகிறது உமிழ்நீர்ச் சுரப்பி.
இன்றைக்கு நூற்றுப் பதினாறாவது.
"இட்டிலிக்குத் துணி உரிக்கிற மாதிரிதான், பதறினா பிஞ்சிரும்."
அதற்குள்ளே
அரிவாளாய் வளைந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

உடம்புக்குள் இறங்கினால்
அரை மணி நேரம்.
கல்லீரலில் நுழைந்து தாழ் போட்டுக்கொள்வார்கள்.
வெளியே வரும்போது
வேறு சட்டை.
நாங்கள் கொடுத்த போட்டோவை வைத்துக்கொண்டு
வெள்ளை அணுக்கள்
போன மாதத்து முகத்தைத்
தேடிக்கொண்டே நிற்கும்.

அம்மைக்கு
ஒரு தழும்பு போதுமாயிருந்தது.
இதற்கு எத்தனை தடவை சொல்வது
இந்த உடம்புக்கு?

கீழ்வீட்டு வேதகிரி, பிளம்பர்.
மாத்திரை முடித்து மூன்று மாதம் கழித்து
மறுபடி குளிர்.
"கொசு கடிக்கவே இல்ல மேடம்,
வலைக்குள்ளதான் படுத்தேன்."
தூங்கிக்கொண்டிருந்தது, என்றேன்.
எங்க?
உங்கள் ஈரலில்.
கொஞ்ச நேரம் வயிற்றைப் பார்த்தார்,
அட்வான்ஸ் இல்லாமல் குடியேறியவனைப்
பார்ப்பதுபோல.
"அப்ப ஊசி எங்க?"

பன்னிரண்டு எலிகள்.
படிகாரத்தை விட்டு
எண்ணெயில் குழைத்துப் பார்த்தோம்.
ஈரலிலேயே காவல் தங்கட்டுமென்று
புரதத்தை மாற்றினோம்.
மூன்றாவது ஊசியை மட்டும்
ஐந்தில் ஒரு பங்காய்க் குறைத்து
எட்டு வாரம் தள்ளிப்போட்டோம்.
நிறையக் கொடுத்தபோது மறந்த உடம்பு
கொஞ்சமாய், தாமதமாய்க் கொடுத்ததை
கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டது.

எல்லாம் அல்ல.
ஏழு.
மிச்ச ஐந்தின் ரத்தத்தில்
ஊதாச் சாயத்தில்
சின்னச் சின்ன மோதிரங்கள்,
யாரோ நிச்சயம் பண்ணிவைத்த மாதிரி.

ஏழா, என்றாள் சகாயராணி.
ஏழு.
போன தடவை?
மூன்று.
கையுறையைக் கழற்றி
டப்பாவில் மிச்சமிருந்த எலுமிச்சை சாதத்தை
இரண்டாய்ப் பிரித்தாள்.

ராத்திரி வியாசர்பாடியில் கரன்ட் இல்லை.
வேதகிரி வாசலில் உட்கார்ந்திருந்தார்.
ஏழு என்று சொல்லத்தான் நினைத்தேன்.
எலி என்று சொல்ல வேண்டியிருக்குமே.
மொட்டை மாடிக்கு ஏறினேன்.
மாநகராட்சி ஆள் காலையில்
டார்ச் அடித்து, புழு எண்ணி,
மருந்து ஊற்றிவிட்டுப் போன தொட்டி
வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

மூடியைத் தேடி எடுத்து
மேலே ஒரு செங்கல் வைத்தேன்.
காற்றடித்தது.
இன்னொன்றும் வைத்தேன்.