இல்லை என்று எழுதியிருக்கிறது

"சத்தம் வராது, அதான் விலை குறைவு" என்றான்
கல்முனைக் கடைக்காரன்.
ஐம்பத்தெட்டாயிரம்.
மில்லுக் கணக்குத்தானே,
நெல்லு மூட்டைக்கு எதுக்குச் சத்தம் என்று
வாங்கி வந்தேன் சாய்ந்தமருதுக்கு.

விண்டோசுக்குக் கொடுக்கக் காசில்லை,
லினக்ஸ் ஏற்றினேன். எல்லாம் ஓடியது:
வைஃபை, கெமரா, தொட்டால் ஒளிரும் விசைகள்.
ஹெட்செட் குத்தினால் பாட்டு வந்தது.
கழற்றினால் ஊமை.

கணக்குக்காரி நான்.
முப்பது சதம் இடித்தாலும் லெட்ஜரை மூடமாட்டேன்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு ஆம்பிளைகள் போன பிறகு
அடிமூடியைக் கழற்றினேன்.
பதினொரு திருகாணி, ஹனானின் சோற்றுக் கோப்பையில்.
இரண்டு ஸ்பீக்கர் இருந்தன,
சிவப்பு வயர், கறுப்பு வயர்,
வலைக்குள்ளே ஒரு உமி.
என் மில்லு உமிதான், அதற்குள் வந்து குடியேறிவிட்டது.
பல்குத்தியால் எடுத்தேன்.
மீட்டர் வைத்தேன்: நாலு ஓம். உயிர் இருக்கிறது.

அப்புறம் சவுண்ட் சிப்பிடம் கேட்டேன்,
உன் ஒவ்வொரு பின்னிலும் என்ன பொருத்தியிருக்கிறது, சொல்.
மைக், என்றது. ஹெட்போன், என்றது.
பதினேழாம் பின்னுக்கு வந்ததும்
ஒரு நாலு, ஐந்து ஒன்றுகள், ஒரு எஃப், ஒரு சைபர்.
தேடிப் பார்த்தேன். அதன் பொருள்:
இங்கே எதுவும் இல்லை.

எங்கோ தொழிற்சாலையில் யாரோ அவசரமாய் நிரப்பிய படிவம்.
டிரைவர் படிவத்தை நம்புகிற பிள்ளை.
எழுத்தில் இல்லாத ஸ்பீக்கருக்கு
அது ஏன் சத்தம் அனுப்பப் போகிறது?

எனக்கு ஒரு மேசை ஞாபகம் வந்தது.
கடல் வந்ததற்கு அடுத்த வருசம்,
பள்ளிக்கூட மண்டபம், பதிவெடுக்கிற ஐயா.
எங்கட வீட்டு இலக்கத்தில் விரலை வைத்து
"இதில ஆள் இல்லையே" என்றார்.
உம்மா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினா.
ஒன்றும் பேசவில்லை.
அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்,
கோட்டுக்கு மேலே, சின்ன எழுத்தில்,
ஒரு வரி சேர்த்தார்.

டிரைவருக்குள்ளும் அப்படி ஒரு பட்டியல்.
தன்னைப் பற்றித் தானே பொய் சொல்லும் லெப்டொப்கள்,
நூற்றுக்கணக்கில், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி,
எந்த ஊரிலோ யாரோ நித்திரை முழித்து எழுதியது.
நானும் ஒன்று எழுதினேன்.
கமா விட்டுப்போய் இரண்டு தரம் பிழைத்தது.
மூன்றாம் தரம் கம்பைல் முடியுமுன் கரண்ட் போனது;
பேட்டரியும் கிழடு.

நாலாம் தரம், விடியக் காலமை நாலேகால்.
சோதனைக் குரல், யாரோ ஒரு வெள்ளைக்காரி,
"ஃப்ரண்ட் லெஃப்ட்" என்றாள்
என் குசினிக்குள், முழுச் சத்தத்தில்.
ஹனான் எழும்பி வந்து
"ஆரும்மா வந்திருக்கா?" என்றான்.
அதற்குள் "ஃப்ரண்ட் ரைட்"டும் வந்துவிட்டாள்.

திருத்தத்தோடு காரணமும் எழுத வேண்டும்.
எழுதினேன்:
பயோஸ் ஸ்பீக்கர் இல்லை என்கிறது.
இருக்கிறது. திறந்து பார்த்தேன்.
சோதித்தவர்: முஸ்னியா ஜவ்பர்.

அத்தோடு படுத்திருக்கலாம்.
மூடியை மூடினேன். சும்மா, திரும்பத் திறந்தேன்.
வெள்ளைக்காரியைக் கூப்பிட்டேன்.
ஊமை.
தூங்கி எழும்பினால் மறந்துவிடுகிறது.
ஆம்ப்ளிஃபையரை யாரும் தட்டி எழுப்புவதில்லை போல.

வெளியே சுபஹ் பாங்கு,
மூன்று பள்ளிவாசல்,
ஒன்றுக்கொன்று இரண்டு செக்கன் பிந்தி.
ஏழரைக்கு மில்லுக்கு லொறி வரும்.
"சோதித்தவர்" வரியை மட்டும் அழித்துவிட்டு
தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைத்தேன்.